நாம ஜெயிச்சா நல்ல ஓட்டு, தோத்தா கள்ள ஓட்டு

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு, பேரு கிரிக்கெட் குரூப், ஆனா கடைசியா எப்ப மேட்ச் ஆடுனோம்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. அமெரிக்கா வந்த புதுசுல சனிக்கிழமை சனிக்கிழமை ஆடுன ஆளுங்க, இப்ப நாலு ஸ்டேட்ல சிதறிக் கிடக்கோம், பேசுறதெல்லாம் முட்டி வலி, வீட்டு லோன், பசங்க படிப்பு, அது போக அரசியல். இதுல ரெண்டு அண்ணனுங்க. ஒருத்தர் டெக்சாஸ்ல இருக்காரு, ட்ரம்ப்போட ரிபப்ளிகன் கட்சி ஆளு. இன்னொருத்தர் நியூ ஜெர்சி, எதிர்க்கட்சியான டெமாக்ரட். பேரெல்லாம் எதுக்கு, டெக்சாஸ் அண்ணன், ஜெர்சி அண்ணன்னே வெச்சுக்குவோம். ரெண்டு பேருமே நான் வீடு மாத்துனப்ப வந்து சோஃபா தூக்குனவங்க, அதனால இந்தப் பதிவப் படிச்சா கோச்சுக்க வேண்டாம்னு முன்னாடியே கால்ல விழுந்துடறேன்.

2020 நவம்பர்ல டெக்சாஸ் அண்ணன் தூங்கவே இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு வீடியோ வரும். அட்லாண்டால ஓட்டு எண்ணுற இடத்துல டேபிளுக்கு அடியில இருந்து சூட்கேஸ் எடுக்குறாங்க பாருடான்னு ஒண்ணு, செத்தவன் ஓட்டுன்னு ஒண்ணு, மெஷின்ல ஓட்ட மாத்திட்டாங்கன்னு ஒண்ணு. ஜெர்சி அண்ணன் ரொம்ப நிதானமா, "இதுதான் வரலாற்றுலயே பாதுகாப்பான தேர்தல், அரசாங்கமே சொல்லிடுச்சு, போய் தூங்குங்க"ன்னு பதில் போடுவாரு.

அப்படியே 2024க்கு வாங்க. நவம்பர் 5 சாயங்காலம் ஃபிலடெல்ஃபியால பெரிய மோசடி நடக்குதுன்னு ட்ரம்ப் ஒரு போஸ்ட் போட்டாரு. அந்த ஊர் தேர்தல் கமிஷனர்கள்ல ரிபப்ளிகன் கட்சிக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவரே உடனே அப்படி ஒண்ணும் நடக்கலன்னு மறுத்துட்டாரு. ஆனா டெக்சாஸ் அண்ணன் ஃபார்வர்ட் பண்ணியாச்சு, கூடவே மூணு கோபமான மூஞ்சி. அன்னைக்கு ராத்திரியே, ஃபிலடெல்ஃபியா இருக்கிற பென்சில்வேனியா ஸ்டேட்டு ட்ரம்ப் பக்கம் விழுந்துச்சு. அவ்வளவுதான், அந்த ஃபிலடெல்ஃபியா மோசடி என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் அண்ணன் வாயத் தொறக்கல, நானும் ரெண்டு தடவ கேட்டுப் பாத்துட்டேன்.

அதோட முடிஞ்சிருந்தா இந்தப் பதிவே எழுதிருக்க மாட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு வீடியோ வருது, எலான் மஸ்க்கோட ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட் வழியா ஓட்ட மாத்திட்டாங்களாம், டெமாக்ரட் ஓட்டு ரெண்டு கோடி காணாமப் போச்சாம். அனுப்புனது யாருன்னு பாத்தா ஜெர்சி அண்ணன்! அண்ணே, கலிஃபோர்னியால இன்னும் எண்ணி முடிக்கவே இல்ல, அவங்க எப்பவுமே வாரக்கணக்குல எண்ணுவாங்க, அதான் குறைவா தெரியுதுன்னு சொன்னா, "நான் சொல்லலப்பா, ஒரு டேட்டா சயின்டிஸ்ட் சொல்றாரு"ங்கறாரு. நாலு வருஷத்துக்கு முன்னாடி டெக்சாஸ் அண்ணன் சொன்ன அதே டயலாக்கு.

இவங்க ரெண்டு பேரு மட்டும் இல்ல, நாடே இப்படித்தான். 2020 தேர்தல் ஒழுங்கா நடந்துச்சான்னு ப்யூ ரிசர்ச்ங்கற ஆய்வு நிறுவனம் கேட்டப்ப ட்ரம்ப்புக்கு ஓட்டு போட்டவங்கள்ல 21 சதவீதம் பேர்தான் ஆமான்னாங்க. 2024 முடிஞ்சு கேட்டா 93 சதவீதம். அதே நாடு, கிட்டத்தட்ட அதே பூத்து, அதே மெயில் ஓட்டு (தபால்ல அனுப்புற ஓட்டு), பல இடத்துல அதே மெஷினு. மாறுனது யாரு ஜெயிச்சாங்கறது மட்டும்தான். அந்தப் பக்கம் பைடனுக்கு போட்டவங்க 2020ல 94, கமலா ஹாரிஸுக்கு போட்டவங்க 2024ல 84. பத்து பாயிண்ட் சறுக்கலும் எழுபது பாயிண்ட் தாவலும் ஒண்ணு இல்ல, அத ஒண்ணுன்னு சொல்ற நடுநிலை நாடகம் எனக்குப் பிடிக்காது. ஆனா சறுக்கல் சறுக்கல்தான்.

கள்ள ஓட்டே கிடையாது, எல்லாம் கட்டுக்கதைன்னு ஜெர்சி அண்ணன் சொல்லுவாரு. அதுவும் பொய்யி. இருக்கு. எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னா நார்த் கரோலினால ப்ளேடன்னு ஒரு கவுண்டி, அந்தக் கதைய முழுசா சொல்லணும். எனக்கு இந்தக் கதை மேல ஒரு பைத்தியம், விசாரணை நடந்தப்ப ஆபீஸ் வேலைய விட்டுட்டு லைவ் பாத்தவன் நான்.

2018 நவம்பர், அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு நார்த் கரோலினா 9ஆவது தொகுதி. ரிபப்ளிகன் மார்க் ஹாரிஸ், இவரு ஒரு பாதிரியாரு, எதிர்ல டெமாக்ரட் டான் மெக்ரெடி. ஹாரிஸ் 905 ஓட்டுல முன்னாடி. மெக்ரெடி தோல்வியக்கூட ஒத்துக்கிட்டாரு. ஆனா மாநிலத் தேர்தல் போர்டு ரிசல்ட்டுக்கு சர்டிஃபிகேட் தர மாட்டேன்னு உக்காந்துடுச்சு. ஏன்னா ப்ளேடன் கவுண்டி மெயில் ஓட்டுக் கணக்கு இடிக்குது. அங்க மெயில்ல ஓட்டு அனுப்புனவங்கள்ல ரிபப்ளிகனா பதிவு பண்ணவங்க 19 சதவீதம்தான், ஆனா மெயில் ஓட்டுல ஹாரிஸுக்கு விழுந்தது 61 சதவீதம். கட்சி சாராதவங்க அத்தன பேரும் போட்டாக்கூட பத்தாது, டெமாக்ரட்டுங்களும் வரிசையா வந்து குத்தியிருக்கணும்.

தோண்டுனா மெக்ரே டௌலெஸ்னு ஒரு ஆளு வர்றாரு. லோக்கல் தேர்தல் ஏஜென்ட்டு, எந்தத் தெருவுல எந்த வீட்டுல யாரு யாருக்கு போடுவாங்கன்னு விரல் நுனியில வெச்சிருக்கிற டைப்பு. பழைய இன்ஷூரன்ஸ் மோசடி கேஸ்ல தண்டனை வாங்குனவரு, ரெண்டு கட்சிக்கும் வேலை பாத்திருக்காரு. இவரோட ஆளுங்க வீடு வீடாப் போயி மெயில் ஓட்டுக்கு விண்ணப்பம் வாங்குவாங்க, அப்புறம் ஓட்டுச்சீட்டு வீட்டுக்கு வந்ததும் திரும்பப் போயி அதையும் வாங்கிட்டு வந்துடுவாங்க. அந்த ஸ்டேட் சட்டப்படி இது குத்தம், ஓட்டரும் நெருங்கின சொந்தமும் தவிர வேற யாரும் அத வாங்கக் கூடாது. அப்ப இருந்த சட்டத்துல ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும், ஓட்டர் முகத்தையே பாக்காம இவங்களே சாட்சி போட்டிருக்காங்க. அதுல இருந்த நுணுக்கத்தக் கேளுங்க, ஓட்டர் எந்த கலர் மையில கையெழுத்து போட்டாரோ அதே கலர் மையிலதான் சாட்சியும் போடணும், மொத்தமா கொண்டு போயி போஸ்ட்ல போடாம கொஞ்சம் கொஞ்சமா, அந்த ஓட்டர் வீட்டுக்குப் பக்கத்து போஸ்ட் ஆபீஸ்ல போடணும். சில சீட்டுல சின்னப் பதவிகளுக்கு டிக் போடாம விட்டிருந்தா அதையும் இவங்களே நிரப்பியிருக்காங்க. எல்லாத்தையும் சாட்சி கூண்டுல வந்து சொன்னது அந்தாளோட முன்னாள் மனைவியோட பொண்ணு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் வேற. இதே டௌலெஸ் 2016ல மண் நீர் பாதுகாப்பு போர்டுன்னு ஒரு சின்னப் பதவிக்கு நின்னு ஜெயிச்சாரு. ஜெயிச்சுட்டு, எதிர்த்தரப்பு ப்ளேடன்ல மெயில் ஓட்டுல மோசடி பண்ணிடுச்சுன்னு அவரே ஒரு புகார் மனு குடுத்தாரு! கட்சிக்காரங்க அந்த மனுவ தூக்கிப் பிடிச்சாங்க. விசாரணைல, சரிய்யா நீ எப்படி மெயில் ஓட்டு வேலை பாக்குறன்னு கேட்டதும், என்னையே மாட்டிவிடுற மாதிரி பதில் சொல்ல வேண்டியதில்லன்னு அரசியல் சட்ட உரிமையச் சொல்லி வாய மூடிக்கிட்டாரு. சாத்தான் வேதம் ஓதுச்சுன்னு கேள்விப்பட்டிருக்கோம், இங்க சாத்தான் எழுத்து மூலமா மனுவே குடுத்திருக்கு.

அதே 2016 உட்கட்சித் தேர்தல்ல (கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற தேர்தல்) ஹாரிஸும் நின்னாரு, டௌலெஸ் அப்ப வேற ஒரு வேட்பாளருக்கு வேலை பாத்தாரு. ப்ளேடன் மெயில் ஓட்டு ரிசல்ட்டு என்ன தெரியுமா? டௌலெஸோட ஆளுக்கு 221, ஹாரிஸுக்கு 4, பதவியில இருந்த எம்பிக்கு 1. இந்த நம்பரப் பாத்து சந்தேகப்பட்டது யாருன்னா ஹாரிஸோட சொந்தப் பையன், ஜான் ஹாரிஸ், வக்கீலு, பின்னாடி அரசாங்க வக்கீலா ஆனவரு. 2017ல அப்பா, "இந்தாள நம்ம பக்கம் எடுத்துக்கலாம்னு இருக்கேன்"னு சொன்னதும், வேண்டாம்ப்பா, இவரு ஓட்டுச்சீட்ட சேகரிக்கிறாருன்னு நினைக்கிறேன், அது சட்டப்படி குத்தம்னு ஃபோன்லயும் சொல்லி ஈமெயிலும் அனுப்பியிருக்காரு. அப்பா கேக்கல. என்னைத் தோக்கடிச்ச ஆள இனி நான் வெச்சுக்கிட்டா நான் ஜெயிப்பேன்லன்னு நினைச்சிருப்பாரு போல (இது என் கற்பனை).

2019 பிப்ரவரில நாலு நாள் விசாரணை. மூணாவது நாள் யாரும் எதிர்பாக்காம பையன் சாட்சி சொல்ல வந்தாரு. அப்பா அதே ஹால்ல முன்னாடி உக்காந்திருக்காரு. பையன் அந்த நம்பரையெல்லாம் சொல்லி, ஈமெயிலக் காட்டி, கடைசியா எங்கப்பா அம்மாவ நான் நேசிக்கிறேன், எனக்கு அவங்க மேல எந்தப் பகையும் இல்ல, ஆனா இதுல அவங்க தப்பு பண்ணிட்டாங்கன்னு சொன்னப்ப அப்பா அழுதுட்டாரு. எனக்கும் தொண்ட அடைச்சுது, பக்கத்து சீட்டுக்காரன் என்னடா ஆச்சுன்னு எட்டிப் பாத்தான். மறுநாள் ஹாரிஸே மறுதேர்தல் வேணும்னு சொல்லிட்டாரு. போர்டுல மூணு டெமாக்ரட், ரெண்டு ரிபப்ளிகன், அஞ்சு பேரும் ஒரே மாதிரி ஓட்டு போட்டு தேர்தல ரத்து பண்ணாங்க. செப்டம்பர்ல மறுபடி தேர்தல், வேற ரிபப்ளிகன் நின்னு ஜெயிச்சாரு. டௌலெஸ் 2022ல கேன்சர்ல செத்துட்டாரு, கேஸு விசாரணைக்கே வரல. மார்க் ஹாரிஸ் 2024ல பக்கத்து 8ஆவது தொகுதியில நின்னு, இப்ப எம்பி.

நான் கேக்குறது இதுதான். பல வருஷத்துல நாடாளுமன்ற அளவுல, ஆதாரத்தோட, சாட்சியோட, கையும் களவுமா பிடிபட்ட பெரிய மோசடி இது. கள்ள ஓட்டு கள்ள ஓட்டுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு வீடியோ அனுப்புன டெக்சாஸ் அண்ணனுக்கு ப்ளேடன்னா என்னன்னே தெரியாது. "அது எங்க இருக்கு, மிச்சிகன்லயா?"ங்கறாரு. சர்டிஃபிகேட் தராம இழுத்தடிக்கிறாங்கன்னு அப்ப அந்த ஸ்டேட் ரிபப்ளிகன் கட்சி போர்டு மேல பாஞ்சுது, 905 ஓட்டு முன்னாடி இருக்கோம்ல, குடு சர்டிஃபிகேட்டன்னு.

ஜெர்சி அண்ணன் இத வரிவரியா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காரு. சரிண்ணே, பிரிட்ஜ்போர்ட் தெரியுமான்னு கேட்டேன். "எது, கனெக்டிகட்டா? அங்க என்ன?"

அங்க என்னவா? 2023 செப்டம்பர், மேயர் பதவிக்கு டெமாக்ரட் உட்கட்சித் தேர்தல். மேயர் ஜோ கானிம் 251 ஓட்டுல ஜெயிச்சாரு. (இவரு ஏற்கனவே மேயரா இருந்தப்ப ஊழல் பண்ணி ஏழு வருஷம் உள்ள இருந்துட்டு வந்து மறுபடி மேயர் ஆனவரு, அது தனிக்கதை.) சில நாள்ல ஒரு வீடியோ வருது, நகராட்சி ஆபீஸ் வாசல்ல இருக்கிற மெயில் ஓட்டுப் பெட்டியில விடியறதுக்கு முன்னாடி ஒரு அம்மா கத்தையா காகிதத்த போடுறாங்க. லோக்கல் கட்சி நிர்வாகி, மேயர் ஆதரவாளருன்னு குற்றச்சாட்டு. அங்கயும் சட்டம் அதேதான், அடுத்தவன் ஓட்ட கண்டவனும் கொண்டு வந்து போட முடியாது. நவம்பர் 1ஆம் தேதி நீதிபதி அந்த உட்கட்சித் தேர்தலையே செல்லாதுன்னுட்டாரு, அந்த வீடியோ தன்னை அதிர வெச்சுதுன்னு தீர்ப்புலயே எழுதுனாரு. இதுக்கு நடுவுல நவம்பர் 7 பொதுத் தேர்தலும் திட்டமிட்டபடி நடந்துச்சு. அப்புறம் ஜனவரில உட்கட்சி மறுதேர்தல், பிப்ரவரில பொது மறுதேர்தல். ஒரே மேயர் நாற்காலிக்கு நாலு தேர்தல், நாலுலயும் அதே கானிம். 2019 உட்கட்சித் தேர்தல்லயும் இதே மெயில் ஓட்டு விஷயமா அந்த ஊர்ல 2024ல கேஸு போட்டாங்க.

ஜெர்சில இருந்து பிரிட்ஜ்போர்ட் கார்ல ரெண்டு மணி நேரம் கூட ஆகாது. பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ப்ளேடன் தெரியுது, பக்கத்துல இருக்கிறது தெரியல. டெக்சாஸ் அண்ணன் அந்த வீடியோவ மட்டும் எட்டு தடவ அனுப்பிருக்காரு, ஆனா 2020 வீடியோன்னு தலைப்பு போட்டு! மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சும்மாவா சொன்னாங்க.

ரெண்டு கேஸையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒண்ணு புரியும். நிஜ மோசடி சின்ன ஊர்ல, சின்ன வித்தியாசத்துல, மெயில் ஓட்டுல, கட்சி ஆளு கையால நடக்குது. ஏன் மெயில் ஓட்டுன்னா, ஓட்டுச்சீட்டு அதிகாரி கண்ண விட்டு வெளிய போறது அதுல மட்டும்தான். பூத்துல போயி வேற ஒருத்தன் பேர்ல போடுறதுக்கு ஒரு ஓட்டுக்கு ஒரு ஆளு வேணும், ஒவ்வொருத்தனும் ஜெயிலுக்குத் தயாரா இருக்கணும், அத வெச்சு லட்சக்கணக்குல போடணும்னா படை திரட்டணும். முன்னாடி காலத்துல வேற மாதிரி, அதிகாரியே கூட்டாளியா இருப்பான். 1948ல டெக்சாஸ் செனட் உட்கட்சித் தேர்தல்ல லிண்டன் ஜான்சன் 87 ஓட்டுல ஜெயிச்சாரு, ஆலிஸ்ங்கற ஊர்ல 13ஆம் நம்பர் பெட்டியில தேர்தல் முடிஞ்சு சில நாள் கழிச்சு 202 பேரு புதுசா ஓட்டு போட்டதா சேந்துச்சு, அத்தன பேரும் அகர வரிசையில வந்து, ஒரே கையெழுத்துல. ஒழுக்கமான ஜனங்க. அவரு பின்னாடி ஜனாதிபதியே ஆனாரு. சிகாகோல 1982 கவர்னர் தேர்தல் மோசடிக்கு 60க்கு மேல ஆளுங்க தண்டனை வாங்குனாங்க. இதெல்லாம் டெமாக்ரட் கோட்டை, ஜெர்சி அண்ணன் "அது அந்தக் காலம்"னு ஒரே வார்த்தையில தாண்டிப் போயிடுவாரு.

சரி 2020க்கு வருவோம், ஏன்னா டெக்சாஸ் அண்ணன் இன்னும் அதுலதான் இருக்காரு. ஜார்ஜியால வித்தியாசம் 11,779. சுமார் 50 லட்சம் காகித ஓட்டையும் கையால எண்ணுனாங்க, மெஷின்ல திரும்பவும் எண்ணுனாங்க, பைடன்தான். அந்த ஸ்டேட் தேர்தல் பொறுப்புல இருந்த ராஃபன்ஸ்பெர்கர் ரிபப்ளிகன், ட்ரம்ப்புக்கே ஓட்டு போட்டவரு. அவருக்கு ஃபோன் பண்ணி 11,780 ஓட்டு கண்டுபிடிங்கன்னு ட்ரம்ப் கேட்டது உலகத்துக்கே தெரியும், அதாவது வித்தியாசத்தோட ஒண்ணு, மொய்க்கவர் மாதிரி. செத்தவங்க ஓட்டு ஐயாயிரம்னு சொன்னாங்க, விசாரிச்சு முடிச்சப்ப நாலு. அரிசோனால அந்த ஸ்டேட் செனட் ரிபப்ளிகன்களே ஆள் வெச்சு மாசக்கணக்குல எண்ணுனாங்க, முடிவுல பைடனுக்கு 99 ஓட்டு கூடுச்சு, ட்ரம்ப்புக்கு 261 குறைஞ்சுது. இழுபறியா இருந்த ஆறு ஸ்டேட்டையும் ஏபி செய்தி நிறுவனம் அலசுனப்ப சந்தேகத்துக்குரிய ஓட்டு 475 கூட தேறல, ஆறுலயும் சேத்து பைடனோட வித்தியாசம் மூணு லட்சத்துக்கு மேல. அந்த அட்லாண்டா சூட்கேஸ் வீடியோ? அது வழக்கமா ஓட்டுச்சீட்டு வைக்கிற பெட்டி. அதுல தெரிஞ்ச ஊழியருங்க ஒரு அம்மாவும் பொண்ணும், மிரட்டல் தாங்காம வீட்ட விட்டு ஓடுனாங்க, கடைசியில அவங்களப் பத்தி பொய் சொன்னதுக்கு ட்ரம்ப்போட வக்கீலா இருந்த ஜூலியானி 14.8 கோடி டாலர் குடுக்கணும்னு 2023ல ஜூரி சொல்லுச்சு. அந்த வீடியோவ எங்க குரூப்ல அனுப்புனவரு இன்னும் டெலீட் பண்ணல.

இதுல சிரிப்பு வர்ற இடம் ஒண்ணு இருக்கு. டெக்சாஸ் துணை கவர்னர் டான் பேட்ரிக், மோசடியக் கண்டுபிடிச்சா பரிசு, மொத்தம் 10 லட்சம் டாலர் ஒதுக்கிருக்கேன்னு அறிவிச்சாரு. மறு வருஷம் அதுல இருந்து 25,000 டாலர் வாங்குனது பென்சில்வேனியால பூத்துல வேலை பாத்த ஒரு டெமாக்ரட். அவரு பிடிச்சது ஒரு வயசான ரிபப்ளிகன் ஓட்டர, மனுஷன் தன் ஓட்ட போட்டுட்டுப் போயி கொஞ்ச நேரத்துல கூலிங்கிளாஸ் மாட்டிக்கிட்டுத் திரும்ப வந்து மகன் பேர்லயும் போட்டிருக்காரு. கூலிங்கிளாஸ்! அதே பென்சில்வேனியால இன்னொருத்தர் 2008லயே செத்துப்போன தன் அம்மா பேர்ல ட்ரம்ப்புக்கு ஓட்டு போட்டாரு. அவருக்கு அஞ்சு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, ஜெயில் இல்ல. டெக்சாஸ்ல ஒரு அம்மா, தண்டனை முடிஞ்சு கண்காணிப்புல இருந்தப்ப ஓட்டுரிமை இல்லன்னு தெரியாம 2016ல ஒரு தற்காலிக ஓட்டு (தகுதிய சரிபாத்த பிறகுதான் எண்ணுவாங்க) போட்டாங்க, அது எண்ணப்படவே இல்ல, அவங்களுக்கு அஞ்சு வருஷம் ஜெயில் தண்டனை. 2024ல அப்பீல் கோர்ட் அத ரத்து பண்ணுச்சு. இந்த ரெண்டு தண்டனையையும் டெக்சாஸ் அண்ணனுக்கு அனுப்பினேன், ஒரு கட்டைவிரல் வந்துச்சு, எதுக்குன்னு புரியல.

கட்சிக்குள்ளயே இத நேரா கேட்ட ஆளுங்க இல்லாம இல்ல. 2021 ஜனவரி 6ல, ட்ரம்ப் ஆதரவாளருங்க நாடாளுமன்றத்த உடைச்சு உள்ள புகுந்த அன்னைக்கு, 147 ரிபப்ளிகன் எம்பிக்களும் செனட்டர்களும் பைடன் ஜெயிச்ச ஸ்டேட் ரிசல்ட்ட எதிர்த்து ஓட்டு போட்டாங்கல்ல. அதுக்கு மூணு நாள் முன்னாடி, டெக்சாஸ் ரிபப்ளிகன் எம்பி சிப் ராய் சபையில எந்திரிச்சு, அந்த ஆறு ஸ்டேட்ல இருந்து வந்த எம்பிக்கள் பதவி ஏக்கறத நான் எதிர்க்கிறேன்னாரு. லாஜிக் சிம்பிள், ஜனாதிபதி பேரும் உங்க பேரும் ஒரே காகிதத்துல அச்சாகி இருந்துச்சு, ஒரே மெஷின்ல எண்ணுனது, மேல் பாதி மோசடின்னா கீழ்ப் பாதி மட்டும் எப்படி சுத்தமாகும்? ஓட்டெடுப்பு வந்துச்சு, 371க்கு 2. பதவி ஏத்துக்கிட்டாங்க, ஏத்துக்கிட்டு மூணு நாள்ல மேல் பாதியப் பாத்து கை நீட்டுனாங்க. இதுக்கு முன்னாடி 2017லயும் ட்ரம்ப் மோசடியக் கண்டுபிடிக்க ஒரு கமிஷன் போட்டு எல்லா ஸ்டேட்டுகிட்டயும் வாக்காளர் விவரம் கேட்டப்ப, மிசிசிப்பி ரிபப்ளிகன் அதிகாரி ஒருத்தர் போய் மெக்சிகோ வளைகுடாவுல குதிங்கன்னு அறிக்கையே விட்டாரு. எட்டு மாசத்துல எதையும் கண்டுபிடிக்காம அந்தக் கமிஷன கலைச்சாங்க.

ஜெர்சி அண்ணா, இப்ப உங்க முறை. ஜனவரி 6ல ரிசல்ட்ட எதிர்க்கிறத ரிபப்ளிகன் கண்டுபிடிக்கல. 2005ல புஷ் ஜெயிச்ச ஒஹாயோ ரிசல்ட்ட எதிர்த்து 31 டெமாக்ரட் எம்பிக்கள் ஓட்டு போட்டாங்க, செனட்ல பார்பரா பாக்ஸர் ஒருத்தர் தனியா. அந்த 31ல ஒருத்தர் பென்னி தாம்சன், பின்னாடி ஜனவரி 6 விசாரணைக் கமிட்டிக்கே தலைவரு. 2017ல ட்ரம்ப் ரிசல்ட்டுக்கு சில டெமாக்ரட் எம்பிக்கள் வரிசையா எந்திரிச்சு ஆட்சேபம் சொன்னாங்க, ஒரு செனட்டர் கூட சேரல, அப்ப துணை ஜனாதிபதியா மேடையில இருந்த பைடனே "முடிஞ்சுது"ன்னு சுத்தியலத் தட்டுனாரு. ஜெர்சி அண்ணன், "அது சும்மா அடையாளத்துக்கு, கெர்ரியும் ஹிலாரியும் தோல்விய ஒத்துக்கிட்டாங்கல்ல, யாரும் கண்ணாடிய உடைச்சு உள்ள போகலியே"ங்கறாரு. சரிதான், அந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்ல, நான் மறுக்கல. ஆனா அடையாளத்துக்கு நீங்க தொறந்து வெச்ச கதவு வழியாதான அடுத்தவன் கடப்பாரையோட வந்தான்?

நான் சிட்டிசன் ஆனது போன வருஷம்தான். அதுக்கு முன்னாடி, கிரீன் கார்டுல இருந்தப்ப, லைசென்ஸ் புதுப்பிக்கப் போயிருந்தேன். கவுண்டர்ல இருந்தவங்க ஸ்க்ரீனப் பாத்துக்கிட்டே, "ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேக்கணுமா?"ன்னு கேட்டாங்க. 1993 சட்டப்படி லைசென்ஸ் ஆபீஸ்ல அத கேட்டே ஆகணும், அவங்க எல்லாரையும் கேக்குறாங்க. எனக்கு வேர்த்துப் போச்சு. தெரியாம ஆமான்னு தலையாட்டி, சிட்டிசன்னு ஒரு டிக் விழுந்துட்டா அவ்வளவுதான், கேஸு, நாடு கடத்தல், வாழ்நாள் முழுக்க திரும்ப வர முடியாத நிலை. வேண்டாம் வேண்டாம் வேண்டாம்னு மூணு தடவ சொன்னேன், அந்தம்மா சிரிச்சுட்டாங்க. அதனாலதான் லட்சக்கணக்குல வெளிநாட்டுக்காரன் ஓட்டு போடுறான்னு டெக்சாஸ் அண்ணன் சொல்லும்போது எனக்கு சிரிப்பு வரும். அண்ணே, நீங்களும் பத்து வருஷம் கிரீன் கார்டுல இருந்தவருதான, ஒரு ஓட்டுக்காக அத்தனையையும் பணயம் வெச்சிருப்பீங்களா? ஜார்ஜியா 2024ல 82 லட்சம் பேர் லிஸ்ட்ட அலசி 20 பேரக் கண்டுபிடிச்சுது. இருபது ஆயிரம் இல்ல, இருபது.

அதுக்காக ஐடி கேட்டாலே அநியாயம்னு ஜெர்சி அண்ணன் குதிக்கிறதும் எனக்கு ஒட்டல. ஐடிய அரசாங்கமே இலவசமா, வீடு தேடி வந்து குடுத்துட்டு அப்புறம் கேக்கட்டும், என்ன தப்பு? குடுக்காம கேக்குறதுதான் தப்பு. இத குரூப்ல சொன்னேன், ரெண்டு பேரும் சேந்து என்னைத் திட்டுனாங்க, ரொம்ப நாள் கழிச்சு அவங்க ஒத்துமையா இருந்தது அன்னைக்குத்தான்.

முதல் ஓட்டு மெயில்லதான் போட்டேன். கவர் பின்னாடி கையெழுத்து போடணும், ஆசையில கொஞ்சம் அழகா போட்டுட்டேன் போல. ஒரு வாரத்துல தேர்தல் ஆபீஸ்ல இருந்து லெட்டர், உங்க கையெழுத்து எங்ககிட்ட இருக்கிறதோட பொருந்தல, இத்தனாம் தேதிக்குள்ள சரி பண்ணுங்கன்னு. ஃபார்ம நிரப்பி லைசென்ஸ் காப்பியோட அனுப்பினேன், ஓட்டு ஏத்துக்கப்பட்டதுன்னு மெசேஜ் வந்துச்சு. அந்த லெட்டர ஃபோட்டோ எடுத்து குரூப்ல போட்டேன், சும்மா பெருமைக்கு. டெக்சாஸ் அண்ணன் உடனே, "பாத்தியா, யாரோ உன் பேர்ல போட்டிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும், மெயில் ஓட்டே ஆபத்து"ன்னாரு. அடுத்த நிமிஷம் ஜெர்சி அண்ணன், "பாத்தியா, நம்மள மாதிரி ஆளுங்க ஓட்ட எப்படி நிராகரிக்கப் பாக்குறாங்கன்னு".

அண்ணே, என் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்குன்னு மூணாங்கிளாஸ்லயே வாத்தியார் சொல்லிட்டாருன்னு பதில் போட்டேன். ரெண்டு பேருமே அத நம்பல.